மாலத்தீவுச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு: உடை பற்றி முன்பணம் வாங்கும்போதே சொல்லுங்கள்

மாலத்தீவுக்குப் பயணம் ஏற்பாடு செய்து தரும் நம் ஊர் முகவர்களுக்கு வணக்கம்.

உங்கள் துண்டறிக்கைகளில் எப்போதும் ஒரே படம்தான்: தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிய மரவீடு, அதன் படியில் நீச்சலுடையில் ஒரு பெண். அது ரிசார்ட் தீவு. 1972இல் ‘குரும்பா’ என்ற முதல் விடுதியோடு தொடங்கிய அந்த வகை விடுதிகள், ஊர்மக்கள் குடியிருக்காத தீவுகளில் நடப்பவை. அங்கே நீச்சலுடையில் நடமாடத் தடையில்லை. ஆனால் எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு நீங்கள் பதிவு செய்து தருவது மாஃபுஷி போன்ற ஊர்த்தீவுகளில் இருக்கும் விருந்தினர் இல்லம். அங்கே பள்ளிவாசல் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, வாசலில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள் உண்டு. முஸ்லிமல்லாதவர் குடிமகனாக முடியாது என்று 2008ஆம் ஆண்டின் அரசியல் சட்டமே சொல்லும் நாடு அது.

இந்த வேறுபாட்டை எங்களுக்கு ஏற்பாடு செய்துகொடுத்த நிறுவனம் சொல்லவில்லை. “கடற்கரைதானே, உங்கள் விருப்பம்போல் உடுத்திக்கொள்ளுங்கள்” என்றார்கள். குளித்துவிட்டு, ஈர உடைமேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவழியாக அறைக்குத் திரும்பினேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வீட்டு வாசலில் கயிற்று நாற்காலியில் இருந்த அம்மாள் எழுந்து உள்ளே போய், ஒரு நீளத் துணியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

என் அம்மாவுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. வேறொரு முகவர் மிரட்டி அனுப்பியதில், தலையை மூடாமல் வெளியே போனால் பிடித்துவிடுவார்கள் என்று நம்பி, இரண்டு நாள் அறையைவிட்டே வரவில்லை. அந்நாட்டுப் பெண்கள் பலர் ‘புருகா’ என்ற தலைத்துணி அணிகிறார்கள். வெளியூர்ப் பெண்கள் அணிய வேண்டியதில்லை. அம்மா கட்டியிருந்த பருத்திப் புடவையே அந்தத் தெருவுக்குப் போதும்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஊர்த்தீவிலும் தலைநகர் மாலேயிலும் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். சுடிதார், தளர்வான பேன்ட், அரைக்கைச் சட்டை எல்லாம் சரி. நீச்சலுடை, ‘பிகினி பீச்’ என்று தனியே ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். அங்கிருந்து கிளம்பும்போதே மேலே உடுத்திக்கொள்ள வேண்டும். மற்றக் கரைகளில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் கடலில் இறங்குகிறார்கள். மேலாடையின்றிக் குளிப்பதற்கு ரிசார்ட்டிலும் தடை உண்டு. 1658இல் பவளக்கல்லால் கட்டிய மாலேயின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் கைகால் மறைய உடுத்த வேண்டும். பெண்கள் ஒரு துப்பட்டாவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். வெற்றுடம்போடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பவர்கள் பெரும்பாலும் நம் ஆண்கள்தான். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை.

பிப்ரவரி 2020இல் இதே மாஃபுஷியில் நீச்சலுடையோடு தெருவில் நடந்த பிரிட்டன் பெண் ஒருவரைக் காவலர்கள் மல்லுக்கட்டிப் பிடித்த காணொளி உலகெங்கும் பரவியது. காவல்துறைத் தலைவரே மன்னிப்புக் கேட்டார். காவலர்கள் நடந்துகொண்டது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படியொரு நிலைக்கு உங்கள் பயணி ஒருவர் ஆளாகாமல் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பழைய குறிப்புகளை நம்பியும் சொல்லாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பெண்களை இடுப்புக்கு மேல் ஆடை அணியச் செய்ய முயன்று முடியாமல் போனதைத் தாமே எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தீவுகளின் வழக்கம் அவ்வளவு மாறியிருக்கிறது, இன்னும் மாறும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு, நீங்கள் ஆள் அனுப்பும் விருந்தினர் இல்லத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நான் கேட்பது இரண்டு. படத்துக்குக் கீழே ‘இது ரிசார்ட் தீவு’ என்று அச்சிடுங்கள். ரசீதில், தங்கும் இடத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே, ‘ஊர்த்தீவு: தோளும் முழங்காலும் மறைய உடுத்தவும்’ என்று தமிழில் ஒரு வரி சேருங்கள், பெட்டி கட்டுவதற்கு முன்பே அது எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.