பின்யேய்ரோவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் பற்றி வந்த முழுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் வழக்கம்போல மார்க்கேஸில் தொடங்கி, போர்ஹேஸைச் சுற்றிவிட்டு, கொர்த்தஸாரோடு கடையைக் கட்டிவிட்டார் எழுதியவர். உயிரோடு இருப்பவர் ஒருவர்கூட இல்லை, பெண் ஒருவர்கூட இல்லை. அதைவிட எரிச்சல், போகிறபோக்கில் ஒரு வரி: துப்பறியும் கதையெல்லாம் இந்தக் கணக்கில் சேராதாம்! போர்ஹேஸே 1942இல் நண்பர் பியோய் காஸாரேஸுடன் சேர்ந்து, ஜெயிலுக்குள் உட்கார்ந்தபடியே வழக்குகளுக்கு விடை சொல்லும் ஒருவரை வைத்துத் துப்பறியும் கதைகள் எழுதியவர்தானே. சரி, அது பழைய கதை.

நான் சொல்ல வந்தது அர்ஜென்டினா எழுத்தாளர் கிளாவ்தியா பின்யேய்ரோவைப் பற்றி. 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்குச் சர்வதேச புக்கர் கிடைத்ததை நாமெல்லாம் கொண்டாடினோமே, அன்று இறுதிப் பட்டியலில் இருந்த ஆறு புத்தகங்களில் ஒன்று இவருடைய ‘எலெனாவுக்குத் தெரியும்’. அதுவும் ஒரு சாவைத் துப்புத் துலக்கும் கதைதான்.

1960இல் புவெனஸ் அயர்ஸுக்குத் தெற்கே புர்ஸாக்கோ என்ற ஊரில் பிறந்தவர். சமூகவியல் படிக்க ஆசைப்பட்டார், ராணுவ ஆட்சியில் அதற்கு வழி இல்லாமல் போய் கணக்கியல் பக்கம் வந்து, பல வருடம் கணக்காளராக வேலை பார்த்தார். 1991இல் வேலை விஷயமாக பிரேசிலுக்குப் பறந்துகொண்டிருந்தபோது ஒரு நாவல் போட்டி விளம்பரம் கண்ணில் பட, அதற்காக எழுத ஆரம்பித்தார் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நானும் தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் இவர் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், அதை மறைக்கவில்லை.

அந்தக் கணக்காளர் புத்தி நன்றாகத் தெரிவது 2005இல் அந்த நாட்டு நாளிதழான கிளாரின் தரும் நாவல் பரிசை வாங்கிய ‘வியாழக்கிழமை விதவைகள்’ நாவலில். (நடுவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற போர்த்துகீசிய எழுத்தாளர் ஸரமாகோ, கட்டுரையாளர் கவனிக்க.) 2001 செப்டம்பர். சுற்றிலும் மதில், வாசலில் காவல் என்று இருக்கும் ஒரு பணக்காரக் குடியிருப்பு. வியாழக்கிழமைதோறும் மனைவிகள் இல்லாமல் கூடும் நண்பர்களில் மூன்று பேர் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடக்கிறார்கள். யார், எப்படி என்பதை நான் சொல்லக்கூடாது. ஆனால் போலீஸ் ஜீப்புக்குக் காத்திருக்காமல் அந்த வீடுகளின் வரவு செலவைப் பாருங்கள். 1991இலிருந்து தன் நாணயமான பெசோ ஒன்றுக்கு ஒரு டாலர் என்று சட்டம் போட்டு வைத்திருந்த நாடு அது. அந்தப் பொய்யான மதிப்பில் வாழ்ந்தவர்களுக்கு வேலை போகிறது, ஆனாலும் கிளப் சந்தா, பள்ளிக் கட்டணம், டென்னிஸ், பெரிய கார் எதையும் விட முடியவில்லை. டிசம்பரில் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கி, வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்க முடியாது என்றது. ஜனாதிபதி பதவியை விட்டுவிட்டு ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். நாவல் அதற்குச் சில வாரம் முன்னால் நிற்கிறது, அந்த மனிதர்களுக்கு வரப்போவது தெரியாது, படிக்கிற நமக்குத் தெரியும். ஓஎம்ஆரில் வில்லா வாங்கி, மாதத் தவணைக்காகவே ஐடி வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் ராத்திரி தூக்கம் வராது.

‘எலெனாவுக்குத் தெரியும்’ (2007) வேறு மாதிரி. பார்க்கின்சன் நோய் முற்றிய ஒரு அம்மா. மகள் ரீட்டா தேவாலய மணிக்கூண்டில் தூக்கில் தொங்கிக் கிடந்தாள், தற்கொலை என்று போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. அன்று மழை. இடி மின்னலுக்குப் பயந்து மழை நாளில் அந்தப் பக்கமே போகாதவள் ரீட்டா, அதனால் எலெனா நம்ப மறுக்கிறாள். ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் ஒரு பெண்ணைத் தேடி, குனிந்த தலையை நிமிர்த்த முடியாமல், ரயிலேறிப் போகிறாள். நாவலில் அத்தியாயத்தை நகர்த்துவது மாத்திரைதான். போட்டால் கால் நடக்கும், அதன் வேகம் இறங்கினால் கால் நின்றுவிடும். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் கூட்டத்துக்கு நடுவே ஒரு வயதானவர் எழுந்து இறங்க எவ்வளவு பாடுபடுகிறார் என்று அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். கருக்கலைப்பை ஒரு பெண்ணே தீர்மானிக்கலாமா என்ற கேள்வியும் உள்ளே இருக்கிறது, அதற்கு மேல் சொன்னால் கதை போய்விடும். அந்த உரிமைக்காக பின்யேய்ரோ தெருவிலும் இறங்கினார், 2018இல் செனட் நிராகரித்த சட்டம் 2020 டிசம்பர் 30 அன்று நிறைவேறியது.

எல்லாமே உச்சம் என்று சொல்லமாட்டேன். அவருடைய இன்னொரு நாவல் ‘பெத்திபு’ நடுவில் இழுவை. ஆனால் அதில் குற்றச் செய்திப் பிரிவிலிருந்து தூக்கி வேறு மேஜையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பழைய நிருபர் வருகிறார், பத்திரிகைக்காரரான உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

நம் ஊரில் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய பாக்கெட் நாவல்களைப் படித்துத்தான் பாதிப் பேருக்கு வாசிப்புப் பழக்கமே வந்தது. அப்புறம் ‘தீவிர’ வாசகர் ஆனதும் அவற்றைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம்தான் உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது. நூல் அறிமுகப் பக்கத்தில் மாதம் ஒரு குற்ற நாவலுக்காவது இடம் கொடுங்கள், தமிழோ மொழிபெயர்ப்போ எதுவானாலும். ‘எலெனா’ ஆங்கிலத்தில் மெலிந்த புத்தகம்தான், இரண்டு நாளில் முடித்துவிடலாம். விமர்சனம் எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை