துரோகம் என்ற சொல்லைச் சற்று ஒதுக்கிவைப்போம்

அன்பின் தோழருக்கு,

உமது நீண்ட கடிதம் கிடைத்து மூன்று கிழமைகளாகிவிட்டன. பதில் தாமதித்ததற்குக் கண் சத்திரசிகிச்சை ஒரு காரணம். கடிதத்தில் நீர் எழுதியிருந்த ஒரு சொல்லோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது மற்றைய காரணம். இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்கு இணங்கி நடப்பது துரோகம் என்று எழுதியிருந்தீர். அந்தச் சொல்லை நம் ஊரில் எவ்வளவு எளிதாகக் கையாண்டார்கள், மின்கம்பங்களில் கட்டப்பட்டவர்களின் கழுத்தில் எதை எழுதித் தொங்கவிட்டார்கள் என்பதெல்லாம் நீரும் நானும் கண்ணால் கண்டவை. ஆட்களின் நேர்மையைக் கொண்டும் நேர்மையீனத்தைக் கொண்டும் அரசியலை விளக்கிவிட முடியுமென்றால், மார்க்சைப் படிப்பதற்காக நாம் அன்று சுன்னாகத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போயிருக்க வேண்டியதில்லை.

நடந்ததை வரிசையாகப் பாரும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் 290 கோடி டொலருக்கான நாணய நிதியக் கடன் திட்டம் வந்தது. ஜனாதிபதித் தேர்தல் 2024 செப்டெம்பர் 21 அன்று. அதற்கு இரண்டே நாட்களுக்கு முன்னர், 19ஆந் திகதி, பழைய அரசாங்கம் பிணைமுறிக்காரர்களோடு, அதாவது அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்த வெளிநாட்டு முதலீட்டாளர்களோடு, கொள்கையளவில் உடன்பாடு கண்டுவிட்டதாக அறிவித்தது. மக்கள் வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்னரே கணக்கு முடிந்துவிட்டது. நாடு எவ்வளவு கடனைத் தாங்கும் என்பதைத் தாமே வேறாகக் கணக்கிடுவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதிய அநுரவின் தேசிய மக்கள் சக்தி, பதவிக்கு வந்த சில நாட்களிலேயே அந்த உடன்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. நவம்பரில் 225 ஆசனங்களில் 159ஐ, யாழ்ப்பாண மாவட்டத்தின் 6இல் 3 உட்பட, வென்ற பிறகும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்குக் கிரேக்கம்தான் நினைவுக்கு வருகிறது. 2015 ஜனவரியில் அங்கே இடதுசாரிக் கட்சியான சிரிசா வென்றபோது நீர் எனக்குத் தொலைபேசி எடுத்துக் குதூகலித்தது மறந்திருக்காது. ஜூன் இறுதியில் ஐரோப்பிய மத்திய வங்கி கிரேக்க வங்கிகளுக்கான அவசரக் கடனை உயர்த்த மறுத்ததும் வங்கிகள் மூடப்பட்டன. ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்றார்கள். தெசலோனிக்கியில் ஒரு வங்கி வாசலில் சேமிப்புப் புத்தகம் பக்கத்தில் கிடக்க, தரையில் அமர்ந்து அழுத முதியவரின் படம் நம் பத்திரிகைகளிலும் வந்தது. அந்த நிலையிலும் ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு 'இல்லை' என்றார்கள். எட்டு நாட்களின் பின்னர், விடிய விடிய நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில், சிரிசாவின் பிரதமர் சிப்ராஸ் அதனினும் கடுமையான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார். தேர்தல்கள் பொருளாதாரக் கொள்கையை மாற்ற இடமளிக்க முடியாது என்ற பொருளில் ஜேர்மன் நிதியமைச்சர் முன்னரே பேசியதாக, அன்று கிரேக்க நிதியமைச்சராக இருந்த வரூஃபாகிஸ் பதிவுசெய்திருக்கிறார். அந்த அமைச்சர் மறைக்காமல் பேசிய மனிதர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு விற்பனைகள் தொடங்கின. பிரேயஸ் துறைமுகம் சீன அரசு நிறுவனத்துக்கும், பதினான்கு பிராந்திய விமான நிலையங்கள் ஜேர்மன் நிறுவனமொன்றின் தலைமையிலான கூட்டுக்கும் போயின. ரயில் சேவை 2017இல் வெறும் 4.5 கோடி யூரோவுக்கு இத்தாலிய அரசு ரயில்வேக்கு விற்கப்பட்டது. கையெழுத்திட்டது இடதுசாரி அரசாங்கம். 2023 பெப்ரவரியில் தெம்பியில் இரு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் நேருக்கு நேர் மோதி 57 பேர் இறந்தார்கள். தனியார்மயத்தால்தான் அது நிகழ்ந்தது என்று நான் எழுதமாட்டேன், ஏனென்றால் தண்டவாளமும் சமிக்ஞையும் அரசிடமே இருந்தன. ஆனால் அவற்றைப் பார்க்கும் ஆட்கள் சிக்கன ஆண்டுகளில் குறைக்கப்பட்டிருந்தார்கள். சமிக்ஞை அமைப்பு முடிக்கப்படாமலே கிடந்தது.

ஆக, ஆட்சியைப் பிடிப்பது ஒன்று, கணக்குப் புத்தகத்தைப் பிடிப்பது வேறொன்று. சிப்ராஸிடமும் அநுரவிடமும் நாம் குறைகூற வேண்டியது அவர்கள் அழுத்தத்துக்கு உட்பட்டார்கள் என்பதற்காக அல்ல. கையில் இருந்த இடைவெளியை என்ன செய்தார்கள் என்பதற்காக. நம் நாட்டில் அந்த இடைவெளி எங்கே இருந்தது என்று என் தங்கையின் மகள்தான் எனக்குக் காட்டினாள்.

அவள் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகத் தைக்கிறாள். சம்பளத்தில் 8 சதவீதம் அவளுடையதும் 12 சதவீதம் முதலாளியுடையதுமாக ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகிறது. போன மாதம் வந்தபோது, வங்கிப் புத்தகத்தோடு பொலித்தீன் பையில் நாலாக மடித்து வைத்திருந்த நிதியக் கூற்றை எடுத்து, "மாமா, எங்கட காசில கை வைச்சிட்டினம் எண்டு வேலை செய்யிற இடத்தில கதைக்கினம், உண்மையோ?" என்று கேட்டாள். உண்மைதான். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அரசின் திறைசேரி முறிகளை வைத்திருந்த வங்கிகளைத் தொடவில்லை. அவளுடையது போன்ற ஓய்வூதிய நிதியங்களின் முறிகளை மட்டும் நீண்டகால முறிகளாக மாற்றி, 2025 வரை 12 சதவீதமும் அதன் பின்னர் 9 சதவீதமும் வட்டி என்றார்கள். இணங்காத நிதியங்களுக்கு வரி 14இலிருந்து 30 சதவீதமாகும். பணவீக்கம் முந்திய வருடம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டு, அவளது சேமிப்பை ஏற்கெனவே கரைத்திருந்தது.

இந்தப் பங்கீட்டைச் செய்தவர் அப்போதைய ஜனாதிபதி ரணில். ஆனால் அதை முடிந்த விடயமாக எடுத்துக்கொண்டது இன்றைய அரசாங்கம். இன்னொன்றையும் கவனியும்: எல்லாரும் வாங்கும் பொருள்கள் மீதான வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகத் தடையின்றி உயர்ந்தது, ஆனால் சொத்துள்ளவர்கள் மீது நாணய நிதியமே திட்டத்தில் சேர்த்திருந்த வரி மட்டும் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. நாணய நிதியத்துக்கும் இடதுபக்கமாக நிற்கக்கூட வேண்டாம், அது கேட்டதையாவது வாங்கியிருக்கலாமே!

மாற்று இல்லை என்பவர்களுக்கு நான் எக்குவடோரைச் சொல்வேன். 2007இல் அந்நாட்டு ஜனாதிபதி ரஃபாயேல் கொரேயா கடன் தணிக்கைக் குழு ஒன்றை அமைத்து, யார் எப்போது எந்த நிபந்தனையில் கடன் வாங்கினார்கள் என்று புத்தகங்களைத் திறந்தார். 2008 இறுதியில் சில முறிகள் நியாயமற்றவை என்று செலுத்த மறுத்து, அவற்றில் பெரும்பகுதியை அடுத்த வருடம் டொலருக்கு 35 சதம் வீதம் திரும்ப வாங்கினார். எக்குவடோரிடம் எண்ணெய் இருந்தது, நம்மிடம் தேயிலையும் ஆடையும் இருக்கின்றன. அந்த ஆடைக்கும் 2025 ஏப்ரலில் ட்ரம்ப் 44 சதவீதத் தீர்வை என்று மிரட்டிப் பின்னர் 20 ஆக்கினார். சந்தையைத் திறவுங்கள் என்று 1977இலிருந்து நமக்குப் பாடம் எடுத்தவர்கள் இப்போது தமது கதவில் தாழ்ப்பாள் போடுகிறார்கள். ஆகவே செலுத்த மறுத்திருக்க வேண்டும் என்று இங்கிருந்து வீரம் பேச எனக்கு மனமில்லை. தணிக்கைக்கு டொலர் தேவையில்லை, 159 ஆசனங்கள் போதும் என்று மட்டும் சொல்கிறேன்.

அநுரவின் கட்சியான ஜே.வி.பி. வடக்கு-கிழக்கு மாகாணங்களின் இணைப்பை நீதிமன்றத்தில் உடைத்ததை நீர் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அந்தக் கணக்கு வேறாக இருக்கட்டும். அதை இதற்குள் கலந்தால் இரண்டும் தீராது.

முடிக்குமுன் ஒரு வேலை தருகிறேன். பிணைமுறிக்காரர் என்றதும் நாம் சுருட்டுப் பிடித்த முதலாளியைக் கற்பனை செய்கிறோம். ஆனால் அந்த முறிகளை வாங்குகிறவர்களில் பணக்கார நாடுகளின் தொழிலாளருக்கான ஓய்வூதிய நிதியங்களும் உண்டு. நீர் ரொறன்ரோவில் முப்பது வருடம் வேலை செய்து சேர்த்த ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் நிதியத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, முதலீட்டுப் பட்டியலில் இலங்கை என்ற பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார்த்து எழுதும். மருமகளுக்கும் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உமது பழைய சைக்கிள் தோழன்