மேசையில் ஒரே ஒரு டப்பா

ஹூஸ்டன்,
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டிலேயே துப்பாக்கித் தோட்டா நிரப்பப் பிரஸ், டை செட் (கூட்டைச் சரியாக்கும் அச்சுகள்), தராசு எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறாய். பார்க்கவே நிறைவாக இருந்தது. கண்ணில் குத்தியது அந்த இரண்டு வெடிமருந்து டப்பாக்கள்தான். ஒன்று எச் 4895, மற்றது ஐஎம்ஆர் 4895. "இரண்டும் 4895தானே அம்மா, கடையில் இருந்ததை வாங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல, தம்பி. எண் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படையில் மிஞ்சிய 4895 மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றுத்தான் ஹாட்ஜ்டன் நிறுவனத்தார் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தப் பழைய பெயர்தான் இன்றும் தொடர்கிறது. இப்போது எச் 4895 ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. ஐஎம்ஆர் வரிசை வேறு ஆலை, வேறு செய்முறை. இரண்டையும் விற்பது இன்று ஒரே நிறுவனம் என்பதால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. ஒன்றுக்கு உரிய அளவை மற்றொன்றில் போடக் கூடாது. 4350 என்ற எண்ணில் மூன்று மருந்துகள் உண்டு, அவையும் தனித்தனிதான்.

முப்பது ஆண்டு மருத்துவமனை மருந்தகத்தில் நின்றவள் நான். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. எழுத்து ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே மாட்டோம். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, அளக்கும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று சீட்டை மூன்று தடவை படிப்போம். அதையே நீயும் செய். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவியில் (மருந்தை அளந்து ஊற்றும் கருவியில்) மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடு. எந்த மருந்து என்று ஒரு நொடி சந்தேகம் வந்தாலும் அதைத் திரும்ப ஊற்றாதே. தோட்டத்து மண்ணில் மெலிதாகத் தூவிவிடு. ஐஎம்ஆர் டப்பாவை இப்போதைக்குத் திறக்காமல் வேறு அறையில் எடுத்து வை. அது கெட்ட மருந்து இல்லை. நீ தொடங்கும்போது இரண்டு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உன் .308 ரைஃபிளுக்கு எச் 4895 நல்ல தேர்வு. வார்கெட் என்ற மருந்து கிடைத்திருந்தால் அதுவும் சரிதான். இரண்டும் உடைத்த சேமியாவைப் போல நீளவாக்கில் இருக்கும் மருந்துகள். கசகசா போல உருண்டையாக ஓடும் 'பால்' (ball) வகை மருந்து அளவியில் சீராக விழும். சேமியா வகை அப்படி விழாது. கைப்பிடியை இறக்கும்போது சில துண்டுகள் 'கறுக்' என்று வெட்டுப்படும், அளவு கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் சற்றுக் குறைவாகப் போட்டு, மீதியைத் தராசுத் தட்டில் சொட்டுச் சொட்டாகச் சேர். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். இந்த இரண்டு மருந்துகளும் வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாதவை. அக்டோபர் கடைசியில் மொன்டானாவில் எல்க் மான் வேட்டை தொடங்கும்போது உங்கள் ஊர் உறைந்து கிடக்கும். அங்கே பார்த்துப் பார்த்து அமைத்த தோட்டாவை இங்கே ஜூலை வெயிலில் சுட்டால், வெப்பத்துக்கு மாறும் மருந்தாக இருந்தால் அழுத்தம் ஏறிவிடும்.

இந்த மருந்தை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நான் கற்றுக்கொண்ட இரண்டாவது ஆண்டில், மருத்துவமனையிலிருந்து இரவு வேலை முடித்து வந்த அசதியோடு மேசையில் உட்கார்ந்தேன். தராசின் பெரிய எடைக்கல் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு பள்ளம் என்றால் ஐந்து கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறிய அலகு). சிறிய எடைக்கல்லை மட்டும் பார்த்துப் பார்த்து இருபது தோட்டாக் கூடுகளை நிரப்பிவிட்டேன். ரவையை, அதாவது பாயும் குண்டை, கூட்டின் வாயில் வைத்து அழுத்தும்போது பிரஸ் கைப்பிடியில் ஏதோ நெறுநெறுவென்று இருந்தது. மூன்றாவது தோட்டாவில்தான் கை நின்றது. மிச்சக் கூடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வழக்கமாகக் கூட்டின் தோளுக்குக் கீழே நிற்கும் மருந்து கழுத்து வரை ஏறியிருந்தது. கூட்டை நிறைக்கும் மருந்தாக இருந்ததால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் மருந்தாக இருந்தால் இரண்டு மடங்கு விழுந்தாலும் தெரியாது. அந்த மூன்றையும் சுத்தியல் போன்ற இழுப்பானில் தட்டிப் பிரித்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

உனக்குப் புரியும் கணக்கில் சொல்கிறேன்: ஒரு பவுன் தங்கம் 8 கிராம், கிரெயினில் சொன்னால் 123. நீ சேர்த்துக் குறைப்பது ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம். தட்டான் தராசைத் தொடுவதுபோலத் தொடு. ஒவ்வொரு முறையும் சோதனை எடை வைத்துப் பார்த்த பிறகே தொடங்கு. ஃபேன் ஓடக் கூடாது.

பிரைமர், அதாவது கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி விஷயத்தில் நீ தேவையில்லாமல் அலைகிறாய். பென்ச்ரெஸ்ட் பிரைமரும் வேண்டாம், மேக்னமும் வேண்டாம். சேமியா வகை மருந்துக்குச் சாதாரண லார்ஜ் ரைஃபிள் போதும். பற்றவைக்கச் சிரமமான உருண்டை மருந்தை உறைகுளிரில் சுடுபவர்களுக்குத்தான் மேக்னம். சிசிஐ 200 என்ற பிரைமர் உங்கள் பக்கத்து மாநிலமான ஐடஹோவில், லூயிஸ்டனில்தான் தயாராகிறது, எளிதில் கிடைக்கும். ஃபெடரல் 210 கிடைத்தாலும் வாங்கு. ஆனால் எதில் தொடங்குகிறாயோ அதிலேயே இரு. 2020க்குப் பிறகு பிரைமர் பஞ்சம் வந்தபோது கிடைத்ததையெல்லாம் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். மறுபடி கீழிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெட்டியில் 'ரைஃபிள்' என்று எழுதியிருக்கிறதா என்று பார். லார்ஜ் பிஸ்டல் பிரைமரும் அதே அகலம்தான். உயரம் குறைவு, உலோகமும் மெலிது. கூடுகளையும் பார்த்து வாங்கு. சில .308 கூடுகள் சிறிய பிரைமருக்கென்றே வருகின்றன. பிரைமரை அழுத்தியதும் விரல் நுனியால் தடவிப் பார். அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளே இறங்கியிருக்க வேண்டும். மேலே துருத்தி நின்றால் அந்தக் கூட்டை ஒதுக்கு. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் கை வைக்காதே. பிரைமர்களை அவை வந்த தட்டிலேயே வை. பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

பிரைமரில் ஈயம் இருக்கிறது. சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும் தூசியிலும் இருக்கிறது. என் பேத்தி இப்போது தவழ ஆரம்பித்திருக்கிறாள், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். அந்த மேசையைக் கேரேஜுக்கு மாற்று. கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். இதில் மட்டும் உன் அம்மா கெஞ்சமாட்டாள், கட்டளையிடுவாள்.

அளவை யாரோ சொன்னார்கள் என்று எடுக்காதே. ரவை செய்பவரின் புத்தகம் ஒன்று, மருந்து செய்பவரின் அட்டவணை ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அதில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதில்தான் தொடங்கு. ஐந்தைந்தாகச் செய், நோட்டில் தேதியோடு எழுது. துப்பாக்கியின் போல்ட் கைப்பிடியைத் தூக்கக் கை சிரமப்பட்டாலோ, கூட்டின் அடியில் பளபளவென்று ஒரு தேய்ப்பு விழுந்தாலோ, பிரைமரின் ஓரம் தட்டையாகிப் பரவியிருந்தாலோ அத்துடன் நிறுத்து. புத்தகத்தில் இன்னும் இடம் இருக்கிறதே என்று பார்க்காதே. உன் துப்பாக்கி சொல்வதுதான் கணக்கு. தட்டியும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது நொடி காத்திரு.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஐந்தைச் சுட்ட பிறகு கூடுகளின் அடிப்பக்கத்தை வெயிலில் வைத்து, கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் நோட்டுப் பக்கமும் தெரிய வேண்டும். நான் பார்த்துச் சொல்லும்வரை அடுத்த ஐந்தை நிரப்பாதே. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் நேற்றே பார்சல் போட்டாகிவிட்டது. அதோடு என் சோதனை எடைகளின் பெட்டியையும் வைத்திருக்கிறேன், இனி அது உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா