மில்லி புனித பிளேஸ் சிற்றாலயத் திருப்பணி: நிறைவு அறிக்கை, சிமெண்ட் விவகாரம் உட்பட

உறுப்பினர்களுக்கு வணக்கம். பிரான்சில் நம் மில்லி-லா-ஃபோரே ஊரின் புனித பிளேஸ் சிற்றாலயத்தின் வடக்குச் சுவர் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. உடைந்த ஓடு மாற்றியது, மழைநீர்க் குழாய் மாட்டியது, மூலிகைத் தோட்டத்துப் பாத்தி திருத்தியது எல்லாம் சொன்ன செலவில் முடிந்தன. அதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியவை இரண்டு: விளக்குக்கு ஏன் பணம் ஒதுக்கவில்லை, சுவருக்கு ஏன் மதிப்பீட்டைத் தாண்டிச் செலவானது. சந்தைக் கூடத்தில், அந்த 1479ஆம் ஆண்டு மரக் கூரைக்குக் கீழே காய்கறி வாங்கிக்கொண்டே சிலர் குழுவைப் பற்றிப் பேசுவது எங்கள் காதுக்கும் வருகிறது. அதையே எழுத்தில் கேட்டிருந்தால் பதிலும் எழுத்தில் எப்போதோ வந்திருக்கும்.

முதலில் விளக்கு. இங்கே வருகிறவர்கள் பிரெஞ்சுக் கவிஞரும் ஓவியருமான ழான் கொக்தோவின் ஓவியத்தைப் பார்க்கத்தானே வருகிறார்கள், அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1959இல் அவர் இந்தச் சுவர்களில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிற மூலிகைகளை வரைந்தார், தீர்த்தத் தொட்டிப் பக்கம் ஒரு பூனையையும் விட்டுவைத்தார். 1963இல் இறந்தவர் இன்று இதே தரைக்கல்லுக்குக் கீழேதான் இருக்கிறார். அதெல்லாம் சரி, ஆனால் அந்தச் சுவர் அவர் கட்டியதல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஊருக்கு வெளியே இருந்த தொழுநோயாளர் விடுதியின் சிற்றாலயம் இது. விடுதி போய்விட்டது, மிஞ்சியது இது ஒன்றுதான். ஊரும் உறவும் ஒதுக்கிவைத்தவர்கள் திருப்பலி கண்ட இடம். மூலிகை வைத்தியம்தான் அவர்களுக்குக் கிடைத்த மருத்துவம், கொக்தோ புதினாவையும் ஆர்னிகாவையும் தேர்ந்தெடுத்ததும் அந்த நினைவில்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது இங்கே வெறும் பழமொழி இல்லை. இருக்கிற பணத்தைக் கல்லுக்குப் போட்டோம், நாளைக்கும் அப்படித்தான் போடுவோம்.

இனி சிமெண்ட் விவகாரம். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது: கல் இடுக்குகளுக்கு மணலும் சுண்ணாம்பும் கலந்த காரை மட்டும், சிமெண்ட் கூடவே கூடாது. ஒப்பந்தக்காரர் கையெழுத்தும் போட்டார். சாரத்துக்கு வலை போர்த்தியிருந்ததால் உள்ளே நடப்பது வெளியே தெரியவில்லை. நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்தான் வலைக்குள் நுழைந்து வீட்டுச் சாவியால் இடுக்கைக் கீறிப் பார்த்தார். சுண்ணாம்புக் காரை என்றால் பொடியாக உதிர்ந்து வெளுப்பாகக் கோடு விழும். இது சாம்பல் நிறத்தில் இறுகிக்கிடந்தது, சாவியின் பல்தான் மழுங்கியது. கீழ் வரிசையில் ஆளுயரம் வரைக்கும் அப்படியே பூசி முடித்திருந்தார்கள்.

கேட்டதற்கு, மழைக்காலத்துக்கு முன்னால் சீக்கிரம் இறுக வேண்டும், சிமெண்ட்தான் உறுதி என்றார். புது வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். பழைய கல் சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும், அது இடுக்கின் வழியாக வெளியே காய வேண்டும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஓதம் கல்லுக்குள் ஏறும், இல்லையென்றால் உள்பக்கம் திரும்பும். கூடவே வருகிற உப்பு மேற்பரப்பில் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். உள்பக்கம் என்ன இருக்கிறது என்று மறுபடியும் சொல்ல வேண்டுமா?

அதனால்தான் முழுவதையும் பெயர்த்தெடுக்கச் சொன்னோம். இயந்திரம் வைத்தால் கல்லின் ஓரம் உடையும் என்பதால் சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு கையால், இடுக்கு இடுக்காக எடுத்தார்கள். கூலி அங்கேதான் ஏறியது. தினமும் ஏன் மேற்பார்வை பார்க்கவில்லை என்கிறவர்களுக்கு: குழுவில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவர்கூடச் சம்பளம் வாங்கவில்லை. அடுத்த குழுத் தேர்தலில் நிற்க அவர்களை அன்போடு அழைக்கிறோம்.

நன்கொடையாளர்கள் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளமாக மட்டும்: புதினா பயிரிடும் குடும்பங்கள், வியாழக்கிழமைச் சந்தைக்காரர்கள், ரொட்டிக்கடைத் தம்பதி, மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற செவிலியர் இருவர், பாடற்குழு, தொண்டைக்குக் காவலர் என்பதற்காகப் புனித பிளேஸ் திருநாளான பிப்ரவரி 3 அன்று உண்டியலில் போட்ட எல்லோரும், கணவர் பயன்படுத்திய உளிகளைக் கொடுத்த கொத்தனாரின் மனைவி. அந்த உளிகள்தான் கடைசியில் பயன்பட்டன. வருமான வரி கட்டுகிறவர்கள் ரசீதைத் தொலைக்க வேண்டாம்: தகுதியுள்ள நன்கொடையில் 66 சதவீதம் வரியில் கழியும், அதாவது 100 யூரோ கொடுத்தவருக்குக் கையை விட்டுப் போவது 34 யூரோதான்.

பெயர்த்தெடுத்த அந்த சிமெண்ட் பூச்சுக்கான கூலியையும் தனக்குத் தர வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கடிதம் போட்டிருக்கிறார். தர முடியாது என்று பதிவுத் தபாலில் பதில் அனுப்பிவிட்டோம். இரண்டு கடிதங்களின் நகலும் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம்.