வெளிவிவகார அமைச்சருக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

கௌரவ அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கும் சட்டங்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. எமது நாட்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் அதற்கான ஒழுங்குவிதிகள் வெளிவிவகார அமைச்சரின் கையெழுத்தோடுதான் வர்த்தமானியில் வருகின்றன. அதனால்தான் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து ஒரு கிராமச் சங்கத்துக்கு வரும் பணம் நிறுத்தப்பட்டால், ஏன் என்று எழுத்தில் தாருங்கள். முடிவு சொல்ல ஒரு காலக்கெடு வையுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உயர்தரம் படிப்பதென்றால் அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். காலையில் ஒரு பஸ். அது வராத நாளில் நடைதான். ஊரில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிற ஒருவர், கூட்டாளிகளிடம் சேர்த்து 12 சைக்கிளுக்குக் காசு அனுப்பினார். ஒளித்து மறைத்து அல்ல, சங்கக் கணக்குக்கு, வங்கி வழியாக. வங்கி அதை நிறுத்தி வைத்தது. அனுப்பியவரின் கடவுச்சீட்டுப் பிரதி கேட்டார்கள், கொடுத்தோம். பிரதேச செயலகக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தோம். சைக்கிள் கடையின் விலைப்பட்டியலும் கொடுத்தோம். "மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை" என்றார்கள். எந்த மேலிடம் என்று சொல்லவில்லை.

அப்புறம் சிவில் உடையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் எங்கள் பொருளாளர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிறவர். தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சட்டையை மடியில் வைத்தபடியே பதில் சொன்னார். காசைப் பற்றி இரண்டொரு கேள்விதான். மற்றதெல்லாம் 1990 இல் காணாமல் போன அவருடைய அண்ணனைப் பற்றியது. எந்த இயக்கம், கடைசியாக எங்கே கண்டது, இப்போது வெளிநாட்டில் இருக்கிறாரா? அண்ணன் எங்கே என்று ஆணைக்குழு ஆணைக்குழுவாக அரசாங்கத்திடம் கேட்டுத் திரிந்தவர் அவர். இப்போது அரசாங்கம் வீடு தேடி வந்து அதே கேள்வியை அவரிடம் கேட்கிறது.

அடுத்த கூட்டத்தில் அவர் பொறுப்பை விட்டார். வேறு எவரும் ஏற்க முன்வரவில்லை. பணம் ரொறன்ரோவுக்கே திரும்பிப் போயிற்று. அனுப்பியவர் போனில் கேட்டார்: "பேசாம உண்டியல்ல போட்டு விடட்டா?" வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறும் அந்த வழி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் நேர்வழியில் வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும் சட்டம், ஆட்களை எந்த வழிக்குத் தள்ளுகிறது என்று யோசியுங்கள்.

இதன் வேர் வெகுதூரத்தில் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் 28 ஆம் திகதியே ஐ.நா. பாதுகாப்புச் சபை 1373 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி, எல்லா நாடுகளும் பயங்கரவாத நிதியைக் குற்றமாக்க வேண்டும் என்றது. நாமும் 2005 இல் தனிச்சட்டம் கொண்டுவந்தோம், 2012 இல் ஒழுங்குவிதி செய்தோம். 2014 இல் 16 அமைப்புகளையும் 424 பேரையும் பட்டியலில் போட்டோம். பிறகு ஆட்சிக்கு ஆட்சி பெயர்களை எடுப்பதும் திரும்பப் போடுவதும் நடக்கிறது. எங்கள் 12 சைக்கிளும் அந்தத் தீர்மானத்தின் வால் நுனியில்தான் மாட்டிக்கொண்டன.

அடிபட்ட அமெரிக்கா அடுத்த மாதமே ஆப்கானிஸ்தானுக்குள் போனது. 2003 இல், அந்தத் தாக்குதலோடு தொடர்பில்லாத ஈராக்குக்குள்ளும் போனது. பேரழிவு ஆயுதம் என்றார்கள், கிடைக்கவில்லை. பின்லேடன் அகப்பட்டது பாகிஸ்தானில். 20 வருடம் கழித்துக் காபூலை விட்டுக் கிளம்பும்போது அங்கே மறுபடியும் தலிபான். ஆனால் 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' என்ற பேச்சு மட்டும் கொழும்புக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. 2006 இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தன. அதே வருடம் கிழக்கில் திரும்பவும் சண்டை. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைச் சனம் செல்லடிக்குள் காடும் களப்பும் கடந்து ஓடிவந்தபோது, எந்த நாட்டுத் தூதுவர் குரல் கொடுத்தார் என்று எங்களுக்கு நினைவில்லை.

பயங்கரவாதம் என்றால் என்ன என்று மட்டக்களப்புக்குச் சொல்லித்தர வேண்டாம். 2019 ஏப்ரல் 21 இல் சியோன் தேவாலய வாசலில் தற்கொலைக் குண்டுக்கு ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அந்தத் தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியா ஏப்ரல் 4 ஆம் திகதியே எச்சரித்திருந்தது. சைக்கிள் காசு வந்தால் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த எச்சரிக்கையை வைத்து ஒரு தேவாலயத்தின் கதவை மூடச்சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிச் சங்கங்களும் எங்களைப் போலவே கணக்குக் காட்டித் திரிகின்றன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தமிழர், முஸ்லிம் என்று பாகுபாடு இல்லை, நன்றி.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டோம். மன்னிக்க வேண்டும். சோதனையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டியலில் உள்ள ஒருவர் அனுப்பிய பணமென்றால் நிறுத்துங்கள், அதை எழுத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் குறித்த நாளுக்குள் விடுவியுங்கள். விசாரணை தேவையென்றால் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கூப்பிடுங்கள், சங்கமாக வருகிறோம். ஒழுங்குவிதியில் இவ்வளவையும் சேர்க்க ஒரு திருத்தம் போதும். அந்தத் திருத்தத்தைத் தயவுசெய்து செய்து தாருங்கள்.

பதிலைச் சங்கத்தின் முகவரிக்கே அனுப்பலாம். பொருளாளர் பதவி வெற்றிடமாக இருப்பதால் நானே பெற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
செயலாளர், கிராம அபிவிருத்திச் சங்கம்,
படுவான்கரை, மட்டக்களப்பு