அவர்கள் ‘பையன்கள்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தென்னாப்பிரிக்கப் பறவை வேட்டைச் சுற்றுலா பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி நாலு நாளாக மனதை அறுக்கிறது. ‘வயலின் அந்தக் கோடியிலிருந்து பண்ணைப் பையன்கள் பறவைகளை நம்மை நோக்கி விரட்டிவிடுவார்கள்.’ பையன்கள் என்று யாரைச் சொல்கிறார் உங்கள் கட்டுரையாளர்?

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், பெத்லகேம் என்ற ஊருக்குப் பக்கத்தில், 11 வருடம் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பழுது பார்த்தவன் நான். ஜூன், ஜூலையில் மக்காச்சோளம் அறுத்த வயல்களில் கினிக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மேயும். அவை லேசில் பறக்காது, ஓடத்தான் பார்க்கும். இருபது பேர் வரிசை கட்டி, கை தட்டி, சத்தம் போட்டு, வயல் நீளத்துக்கும் நடந்து வந்தால்தான் கடைசியில் எழும்பும். எதிரே துப்பாக்கியோடு நிற்கும் விருந்தாளிகள் தலைக்கு மேல் வரும்போது சுடுவார்கள். காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அறுத்த தட்டை காலைக் கிழிக்கும். ஒரே நாளில் நாலைந்து தடவை இந்த நடை.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் அறுபது தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்தவர். அங்கே பேசும் சோத்தோ மொழியில் பெரியவர்களை ‘ந்தாத்தே’ என்பார்கள், நம் ‘அய்யா’ மாதிரி. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒருநாள் தாழப் பறந்த பறவையை ஒரு விருந்தாளி சுட்டதில், அவர் காதுக்குக் கீழே இரண்டு ஈயக்குண்டு ஏறிவிட்டது. பிளாஸ்திரி ஒட்டினார்கள். சாயங்காலம் எல்லாரையும் போல இரண்டு கோழி கொடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். அன்றிரவு அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். மக்காச்சோளக் களி, கறிக்குழம்பு. என் பல்லில் ஒரு குண்டு கடிபட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் அதை எலும்பைத் துப்புவதுபோலத் துப்பிப் பழகியிருந்தார்கள்.

ஒரு தோட்டாவுக்குள் 250, 300 ஈயக்குண்டு இருக்கும். பறவைமேல் படுவது கொஞ்சம், மற்றதெல்லாம் மண்ணுக்கு. கினிக்கோழியும் கௌதாரியும் வயிற்றில் தானியம் அரைபடுவதற்காகப் பொடிக்கல் பொறுக்கும் பறவைகள். கல்லென்று ஈயத்தையும் விழுங்கினால் நஞ்சேறிச் சாகும். ‘பயிரைக் காக்கும் வேட்டை’ என்று புகழ்ந்த கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. புறாக்கள் சூரியகாந்தியை மொய்ப்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கினிக்கோழி பெரும்பாலும் தின்பது அறுப்புக்குப் பின் சிந்திய மணியையும், பூச்சியையும், கோரைக்கிழங்கையும். அது விவசாயிக்கு எதிரியா?

அப்புறம், ‘வெறும் புல்லாகக் கிடந்த பூமியைப் பண்ணையாரின் பாட்டனார் திருத்தினார்’ என்கிறார். 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது நாட்டில் ஏறக்குறைய 7 சதவீத நிலம். ஃப்ரீ ஸ்டேட்டில் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்கள் ஆடுமாடுகளோடு ரோட்டுக்கு வந்தன. ந்தாத்தேயின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான்.

இந்த அவமானம் நமக்குத் தெரியாததா? 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்களில் முனுசாமி, ராமசாமி என்று பெயர்கள் இருந்ததால், இந்தியர்களையே ‘சாமி’ என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். ஃப்ரீ ஸ்டேட்டில் ஆசியர் குடியிருக்கவே கூடாது என்று 1891-ல் சட்டம் போட்டார்கள். 1986 வரை அது இருந்தது. தங்களுக்குத் தெரியாததல்ல. அதே வாய்கள்தான் நரைத்த தலைக் கறுப்பரையும் ஆங்கிலத்தில் ‘பாய்’ (boy), அதாவது பையன் என்று கூப்பிட்டன. அந்தச் சொல்லைத் தமிழாக்கி நம் பத்திரிகையிலும் அச்சடித்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு வருடத்துக்கு முன் கினிக்கோழிப் படத்துக்குக் கீழே ‘காட்டுக்கோழி’ என்று போட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. 22 வருடமாகச் சந்தா கட்டுகிறேன், சரி, அது போகட்டும்.

இதற்காவது அடுத்த இதழில் ஒரு மூலையில், சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்: ‘பண்ணைப் பையன்கள்’ என்பதைப் ‘பண்ணைத் தொழிலாளர்கள்’ என்று திருத்திப் படிக்கவும்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்,
பழனி.