இந்த ஆண்டு பரிசுப்பொதி வீட்டுச் சமையலறையிலிருந்து வரட்டும்

அன்புள்ள பெற்றோருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடியும் மறுநாள் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா. குடில், பாட்டு, கேக் எல்லாம் வழக்கம்போல உண்டு. பிள்ளைகள் சீட்டு எடுத்து, கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு என்று ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பதும் உண்டு. அந்தப் பரிசைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஆண்டு, பரிசு நூறு ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியவள் நான். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கிடைக்கட்டும் என்று நினைத்தேன். விழா அன்று ஆறாம் வகுப்பில் ஒரு மாணவனின் பெயரைக் கூப்பிட்டபோது அவன் எழும்பவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். புத்தகப் பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். உள்ளே ஒரு சிறிய பனையோலைப் பெட்டி. அதில் பாட்டி முந்தின இரவு சுட்டுக் கொடுத்த முந்திரிக்கொத்து. மேசை மேலே மற்றவர்கள் கொண்டுவந்த மினுமினுப்புத் தாள் பொதிகள் குவிந்து கிடந்தன. “இது வேண்டாம் டீச்சர். நாளைக்கு வேற வாங்கிக் கொண்டு தாரேன்” என்றான். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைத்தது என் சுற்றறிக்கை. அதனால் இந்த ஆண்டு அந்த விதியை எடுத்துவிட்டேன். கடையில் வாங்கிய பரிசு வேண்டாம். வீட்டில் செய்த ஏதாவது ஒரு தின்பண்டம், ஒரு கை அளவு போதும். அதை வீட்டில் கிடக்கிற பொருளைக் கொண்டே பொதிந்து கொடுத்தனுப்புங்கள்.

நம் குமரி மாவட்டத்து வீடுகளுக்கு இது புதிதல்ல. டிசம்பர் பிறந்து வாசலில் நட்சத்திரம் தொங்கவிட்டதும் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட ஆரம்பித்துவிடுவோம். இந்து வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் பண்டிகைக்கென்று கைவந்த பலகாரம் ஒன்றாவது இருக்கும். அதுவே வரட்டும். எள்ளுருண்டையோ அதிரசமோ, உங்கள் வீட்டுப் பெரியவர் எதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாரோ அதுதான் சரியான பரிசு.

பிள்ளைகளை அடுப்பங்கரைக்குள் விடுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபயறை மணம் வரும்வரை வறுத்து, தொலி நீக்கி, கரகரப்பாகத் திரிப்பது. தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுப்பது. எள், ஏலம், சுக்கு சேர்த்து வெல்லப் பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ கிண்டுவது. இதெல்லாம் பெரியவர்கள் வேலை. சூடு தணிந்து கை பொறுக்கும் பதம் வந்ததும் உருண்டை பிடிப்பது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். நெல்லிக்காய் அளவுக்குச் சிறிதாகப் பிடித்து, ஒரு இரவு ஆறவிட்டால் உருண்டை இறுகும். மறுநாள் மாவில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விடும்போது பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். பேரில் முந்திரி இருக்கிறதே, உள்ளே ஏன் முந்திரிப்பருப்பு இல்லை என்று கேட்பார்கள். கொடிமுந்திரி என்றால் திராட்சை என்றும், ஒட்டிக்கொண்ட மூன்று உருண்டையும் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிறதல்லவா என்றும் காட்டிக் கொடுங்கள். அந்த ஒரு கேள்வியில் தமிழ்ப் பாடமும் வந்துவிடுகிறது.

அச்சு முறுக்கு சுடுகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் புதிதாகச் சுடும் இளம் தாய்மாருக்காக ஒன்று. அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாவில் முக்க வேண்டும். முக்கால் பாகம்தான் முங்க வேண்டும். மேல் விளிம்பு வரை மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள் சேர்ந்த மாவை எண்ணெயில் விட்டதும் பூ மாதிரி விரிந்து கழலுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அன்று வேறு விளையாட்டு வேண்டாம்.

எண்ணெய்ச் சட்டியே வேண்டாம் என்பவர்களுக்குச் சுக்குக் காப்பிப் பொடி இருக்கிறது. சுக்கு, மல்லி, மிளகு, ஏலம் இவற்றை இடித்துச் சலிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே முடியும். நம் மாறாமலைக் கிராம்பு இரண்டு சேர்த்தால் பெட்டியைத் திறக்கும்போதே மணக்கும். கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எப்படிக் காப்பி போடுவது என்பதை ஒரு துண்டுச்சீட்டில் பிள்ளையே தன் கையால் எழுதி உள்ளே வைக்கட்டும்.

இனி பொதிவது பற்றி. சென்ற ஆண்டு விழா முடிந்ததும் மினுமினுப்புத் தாள் மட்டும் இரண்டு சாக்கு அள்ளினோம். அள்ளாமல் விட்டது ஜனவரியில் பள்ளி திறந்தபோதும் மைதான ஓரத்தில் அப்படியே கிடந்தது. பெய்த மழை அதை ஒன்றும் செய்யவில்லை. தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கினபடி இருந்தால் காகிதம். மறுபடி விரிந்து எழும்பினால் பெரும்பாலும் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. உணவு பொதியும் பிளாஸ்டிக் தாள் உட்பட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. பள்ளிக்குள் அது வர வேண்டாம்.

பதிலுக்கு என்ன செய்யலாம்? பனையோலைப் பெட்டி கிடைத்தால் அதைவிட அழகு வேறில்லை. வாழைச்சருகைத் துடைத்துக் காயவைத்துப் பொதியலாம். கட்டுவதற்கு நூல் வேண்டாம், தோவாளையில் பூக்கட்டுகிற வாழைநார் போதும். நனைத்துக் கட்டினால் அறுகாது. தையல் கடையில் வெட்டித் தள்ளும் துண்டுத்துணி, கிழிந்த சேலையின் நல்ல கரை, முடிந்த மாதத்தின் காலண்டர் தாள் எல்லாம் ஆகும். எனக்கு மிகப் பிடித்தது வெண்டைக்காய் அச்சு. காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் கிடைக்கும். அதைச் சாயத்தில் தொட்டுப் பழுப்புத்தாளில் வரிசையாகக் குத்தினால், வாசலில் தொங்குகிற நட்சத்திரம் பொதியின் மேலும் வந்துவிடும். சாயம் வெளித்தாளில் மட்டும்.

செய்தித்தாள் பற்றி ஒரு கண்டிப்பு. அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கலாம் என்பதால் அதில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. எண்ணெய்ப் பண்டம் மையை இன்னும் வேகமாக உறிஞ்சும். முதலில் கழுவித் துடைத்த டப்பாவிலோ வாழை இலையிலோ வையுங்கள். அதற்கு மேலே செய்தித்தாள் சுற்றினால் தவறில்லை. ஸ்டேப்ளர் பின், குண்டூசி இரண்டும் கூடாது. சின்னப் பிள்ளைகள் பல்லால் கடித்துத்தான் பிரிப்பார்கள்.

பண்டம் முழுக்க ஆறின பிறகே மூடுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து நமத்துப் போகும். பொதி காலையிலிருந்து மாலை வரை வகுப்பில் இருக்கும் என்பதால் பால் பலகாரம், பச்சைத் தேங்காய் சேர்ந்தது வேண்டாம். ரம் ஊற்றின கேக்கும் வேண்டாம். என்னென்ன சேர்த்தீர்கள் என்பதை வெளியே எழுதி ஒட்டுங்கள். நிலக்கடலை, முந்திரிப்பருப்பு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் நம் பள்ளியில் இருக்கிறார்கள், முட்டை சேர்க்காத வீடுகளும் இருக்கின்றன. தேன் வைத்தால், ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று சேர்த்து எழுதுங்கள்.

முந்திரி ஆலையிலிருந்து இருட்டின பிறகு வீடு திரும்பும் தாய்மாரை நினைத்துப் பார்க்கிறேன். கடலுக்குப் போன கணவர் வராமல் தனியாக வீட்டைப் பார்க்கிறவர்களையும் நினைக்கிறேன். உங்களுக்கு இது இன்னொரு பாரமாக வேண்டாம். வாழைச்சருகில் சுற்றின ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும். அதுவும் இயலாவிட்டால் விழாவுக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். நானும் ஆசிரியர்களும் சுக்கு, மல்லி வாங்கி வைக்கிறோம். இங்கேயே இடித்து, வெண்டைக்காய் அச்சு குத்தி, பொதிந்து கையில் கொடுத்துவிடுகிறோம். யார் பொதி எங்கே செய்தது என்று யாருக்கும் தெரியாது. வேறு வீட்டுப் பிள்ளைகளும் அன்று வரலாம், வந்தால் சந்தோஷம்.

சென்ற ஆண்டு அந்த ஓலைப்பெட்டி கொடுத்தனுப்பிய பாட்டியிடம் போன வாரம் போய்ப் பேசினேன். சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்து உருண்டை பிடிக்கக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வறுத்துத் திரித்த பயறை அவரே கொண்டுவருகிறாராம். கருப்பட்டி வாங்குவது என் பொறுப்பு.

சனிக்கிழமை வரும் பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியரிடம் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். டப்பா, பெட்டி எதுவானாலும் அடியில் உங்கள் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை